குணத்தைத் தேர்ந்தெடுத்துப் பழக்கமாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒருவரைப் பற்றி ஊரில் விசாரித்தால் யாரும் குணங்களைப் பட்டியல் போட்டுச் சொல்வதில்லை. "அவர்கிட்ட காசு குடுத்தா பத்திரமா இருக்கும்." "அந்தம்மா வீட்டுக்குப் போனா சாப்பிடாம அனுப்ப மாட்டாங்க." "அவன் அஞ்சு நிமிஷம்னு சொன்னா நீ அரை மணி நேரம்னு வெச்சுக்கோ." இந்த மூன்றும் செய்கைகள். ஒருவர் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்து ஊர் வைக்கும் பேர்தான் குணம். எனவே "நான் எப்படிப்பட்ட ஆளாக இருக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு உட்கார்ந்து யோசித்து விடை காண முடியாது. எந்தச் செய்கையை, எந்த நேரத்தில், எந்த இடத்தில் தவறாமல் செய்யப்போகிறோம் என்று முடிவுசெய்தால் விடை தானே வரும்.

இதற்கு நம் கடலூர் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. ஜீவகாருண்யம், அதாவது எல்லா உயிர்களிடமும் இரக்கம், பெரிய சொல். வள்ளலார் அதை வடலூரில் ஓர் அடுப்பாக்கினார். 1867 மே 23 அன்று தருமச்சாலையில் மூட்டிய தீ இன்றும் அணையாமல் காக்கப்படுகிறது. பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடப்படுகிறது. இரக்கம் அங்கே அரிசியாகவும் விறகாகவும் பந்தியாகவும் இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் குணமும் இந்த அளவுக்குத் தரைக்கு இறங்கி வர வேண்டும். நாளைக் காலையில் கையால் செய்ய முடியாத குணம் வெறும் ஆசை.

எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

சுபாவம் வேறு, பழக்கம் வேறு. கூட்டத்தில் ஒதுங்கி நிற்பது, சட்டென்று பதறுவது, புதிதாக எதைப் பார்த்தாலும் இழுக்கப்படுவது போன்றவற்றில் பிறவிக்கும் வளர்ப்புக்கும் பெரிய பங்கு உண்டு. இவை மெதுவாகத்தான் மாறும். சில மாறவே மாறாது. "இனி கூச்சமே இல்லாத ஆளாக இருப்பேன்" என்று கிளம்புகிறவர் மூன்றாம் வாரத்தில் தன்னையே வெறுத்துக்கொண்டு நிற்பார். அதே ஆள், "வாரம் ஒரு முறை கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்பேன், அதை முந்தின நாளே எழுதி வைத்துக்கொள்வேன்" என்று எடுத்தால் கூச்சத்தோடே அதைச் செய்துவிடலாம். கூச்சம் போக வேண்டிய அவசியமே இல்லை.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பார்கள். பழக்கத்தின் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்குத்தான் அந்தப் பழமொழி. பிடி விடாது என்பதற்கு அல்ல. நல்ல பழக்கத்துக்கும் அதே பிடி உண்டு.

முதல் படி: ஏழு நாள் வெறுமனே பாருங்கள்

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் கவனிக்க வேண்டும். பெரும்பாலானோர் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள்: நேரம், நடந்தது, நான் செய்தது. நாள் முழுக்க எழுதத் தேவையில்லை. மூன்று தருணங்களை மட்டும் எழுதுங்கள். எழுந்த முதல் அரை மணி நேரம், யாராவது உங்களிடம் ஒன்று கேட்ட நேரம், வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த முதல் கால் மணி நேரம். ஒருவருடைய குணம் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வெளிப்படுகிறது.

"கோபப்பட்டேன்" என்று எழுதாதீர்கள். "மாலை 7.20. பையன் சைக்கிளுக்குக் காத்தடிக்கக் காசு கேட்டான். முகத்தைப் பார்க்காமலே இப்ப முடியாதுன்னு சொன்னேன்" என்று எழுதுங்கள். முதலாவது தீர்ப்பு, இரண்டாவதுதான் தகவல். திருத்துவதற்குத் தகவல்தான் உதவும்.

இங்கே வழக்கமாக இரண்டு பிசகுகள் நடக்கும். ஒன்று, இரவில் மொத்தமாக எழுதுவது. அதற்குள் மனம் தன் பக்கம் நியாயத்தைச் சேர்த்துவிடும். நடந்த அரை மணிக்குள் நாலு சொல்லாவது கிறுக்கிவிட வேண்டும். மற்றொன்று, போனில் எழுதுவது. எழுதத் திறந்த கை வாட்ஸ்அப்புக்குப் போய்விடும்.

எழுதும் பழக்கம் எவ்வளவு தூரம் ஒருவரைக் கொண்டுபோகும் என்பதற்குப் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையைப் பாருங்கள். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்துத் தலைமை துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), வணிகர், செல்வாக்குள்ளவர். அந்தச் செல்வாக்கெல்லாம் அவர் காலத்தோடு போயிற்று. 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்புதான் அவர் பேராக நின்றது. அதிலும் இடையிடையே விட்டுப்போன பகுதிகள் உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

எட்டாம் நாள் காலையில் நோட்டின் புதிய பக்கத்தில், உங்களுக்கு இருக்க வேண்டும் என்று தோன்றும் குணங்களைப் பத்து வரை எழுதுங்கள். பிறகு ஒன்றே ஒன்று மிஞ்சும்வரை அடியுங்கள். இரண்டு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் முறை வேண்டாம். ஜனவரி 1 அன்று ஐந்து தீர்மானம் எடுப்பவர்கள் பொங்கலுக்குள் ஐந்தையும் கைவிடுவது, ஐந்துக்கும் ஒரே நேரத்தில் கவனம் கொடுக்க முடியாததால்தான்.

அடிப்பதற்கு மூன்று கேள்விகள் உதவும்.

இந்தக் குணம் யாருக்குமே தெரியாமல் போனாலும் எனக்கு வேண்டுமா? மச்சான் மாரத்தான் ஓடுகிறார் என்பதற்காக வந்த ஆசை இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

இது என்னிடம் ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா? கடையில் வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுகிறவர் வீட்டில் எரிந்து விழலாம். அவரிடம் பொறுமை இருக்கிறது. வீட்டுக்கு வரும்போது அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். இல்லாததை உருவாக்குவதைவிட, இருப்பதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது பாதி வேலைதான். உங்கள் பட்டியலில் அப்படி ஒன்று இருந்தால் அதையே முதலில் எடுங்கள்.

இதற்கு நான் என்ன விலை கொடுக்க வேண்டும்? இதை நேராக எழுதியே ஆக வேண்டும். நேரம் தவறாதவர் வாழ்நாள் முழுக்கப் பிறருக்காகக் காத்திருப்பார். உள்ளதைச் சொல்கிறவர் சில உறவுகளை இழப்பார். உதவி செய்கிறவர் மாதக் கடைசியில் கையைப் பிசைவார். விலையை எழுதிப் பார்த்தும் வேண்டும் என்று தோன்றினால்தான் அது உங்கள் தேர்வு. பழக்கங்கள் பாதியில் அறுந்துபோவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் கணிப்பு வேறு. விலையை முதலிலேயே யோசிக்காததுதான் பெரிய காரணம்.

மூன்றாம் படி: குணத்தை ஒரு வாக்கியமாக்குங்கள்

"இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்ற வடிவத்தில் ஒரே வாக்கியம். பீட்டர் கால்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1990களில் ஆராய்ந்து சொன்ன முறை இது. "செய்ய வேண்டும்" என்று பொதுவாக நினைப்பவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் காணப்பட்டது. அந்த நேரம் வந்ததும் யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம். யோசிக்க இடம் கொடுத்தால் சாக்கும் கூடவே வந்துவிடும்.

"படிப்பாளியாக இருக்க வேண்டும்" என்பது இப்படி ஆகும்: "ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவினதும், போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, படுக்கையில் இரண்டு பக்கம் படிப்பேன்." இரண்டே பக்கம்தான். இருபது பக்கம் என்று வைத்தால் நாலாம் நாள் தூக்கம் ஜெயிக்கும். களைத்த நாளிலும் காய்ச்சல் நாளிலும் செய்ய முடிகிற அளவுதான் சரியான அளவு. அதற்கு மேல் படித்தால் சந்தோஷம், கணக்கில் வராது.

"இது நடந்ததும்" என்ற முதல் பாதியைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். தினமும், ஒரே இடத்தில், தவறாமல் நடக்கிற ஒன்றாக இருக்க வேண்டும். பல் தேய்ப்பது, காபி டம்ளரைக் கழுவி வைப்பது, வண்டிச் சாவியை ஆணியில் மாட்டுவது எல்லாம் பழக்கத்தைக் கட்டி வைக்க நல்ல முளைக்குச்சிகள். "குழாயில் தண்ணி வந்ததும்" என்பது சரிப்படாது; தண்ணி இன்றைக்கு ஐந்து மணிக்கு வரும், நாளைக்கு ஏழுக்கு வரும், மறுநாள் வராது. "நேரம் கிடைக்கும்போது" என்பதை எழுதவே எழுதாதீர்கள்.

ஒரு குணத்தை விரித்துப் பார்ப்போம்: சொன்ன சொல்

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ உள்ள ஒரு தையல்கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே அதிகம் கேட்கும் வார்த்தை "நாளைக்கு வாங்கக்கா." நாளைக்குப் போனால் துணி இன்னும் வெட்டவே இல்லை. கடைக்காரம்மா பொய் சொல்கிறவர் அல்ல. முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லத் தயங்குகிறவர். எனவே அவருக்கு "இனி வாக்குத் தவற மாட்டேன்" என்ற சபதத்தால் பயனில்லை. சரிசெய்ய வேண்டிய இடம், வாக்குக் கொடுக்கும் அந்த அரை நிமிடம்.

முதலில் எண்ண வேண்டும். ஒரு வாரம், தினமும் எத்தனை லைனிங் ஜாக்கெட் ஹூக் வைத்து முடிகிறது என்று எழுதட்டும். நாலு முடிந்த நாள் இருக்கும். கரண்ட் போய் ஒன்றோடு நின்ற நாளும் இருக்கும். ஆறு நாளில் பதினெட்டு என்றால் சராசரி மூன்று. வாக்குக் கொடுக்க வேண்டியது மூன்றல்ல, இரண்டு. அந்த மூன்றாவது இடம் கரண்ட் கட்டுக்கும், அளவு தப்பித் திரும்பி வரும் துணிக்கும், அவசரமாக வரும் கல்யாண வீட்டுக்கும்.

அடுத்து, சுவரில் மாதக் காலண்டர். ஒவ்வொரு தேதியிலும் இரண்டு பெயர்தான். துணியோடு ஒருவர் வந்ததும் காலண்டரைப் பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். இவருடைய வாக்கியம் இது: "துணி என் கைக்கு வந்ததும் முதலில் காலண்டரைப் பார்ப்பேன்." இடமிருக்கும் தேதியில் வாடிக்கையாளர் முன்னாலேயே எழுதி, அதே தேதியைச் சீட்டில் எழுதி அளவு ஜாக்கெட்டோடு குத்த வேண்டும். அவர் வற்புறுத்தினால் சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் நாலு தடவை சொல்லிப் பழகலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை: "புதன்கிழமை ரெண்டும் எழுதிட்டேன்கா. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தரேன்."

இதை மீறியும் தாமதம் வரும். வந்தால், தேதிக்கு முந்தின நாள் மதியத்துக்குள் போன் செய்து சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் வந்து நின்ற பிறகு சொல்வது சமாதானம். வருவதற்கு முன் சொன்னால் அதற்குப் பேர் மரியாதை. தாமதம் ஒன்றுதான், ஆனால் எடுக்கும் பேர் வேறு. விலை? தீபாவளிக்கு முன் சிலர் வேறு கடைக்குப் போவார்கள். அதை இரண்டாம் படியிலேயே எழுதியிருந்தால் அன்றைக்கு மனம் உடையாது.

கடை இல்லாதவர்களுக்கு இதன் சின்ன வடிவம் பேருந்தில் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவரை "எங்க இருக்க?" என்று கேட்டால், "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பது வழக்கம். அதற்குப் பதிலாக ஊர்ப்பேரைச் சொல்லுங்கள். "இப்பதான் கன்னியகோவில் தாண்டுது." அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். ஒரு மாதத்தில் உங்கள் சொல்லை மறுபடி சரிபார்க்கும் பழக்கம் அவரிடம் குறைவதைப் பார்க்கலாம்.

வீட்டில் பொறுமை

மே மாத வெயிலில், கூட்ட நெரிசலில் நின்றபடியே வந்து, பசியோடு வீட்டில் நுழைகிறவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது உடம்பின் கணக்குக்கே எதிரானது. இங்கே குணத்தைச் சரிசெய்வதற்கு முன் வாசலைச் சரிசெய்ய வேண்டும். செருப்பைக் கழற்றியதும் நேராகக் கால் கழுவப் போவது. ஒரு செம்புத் தண்ணீர். பத்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே, போன் இல்லாமல். அந்தப் பத்து நிமிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்து நிமிடம் முடிந்ததும் நீங்களே எழுந்து போய் "என்னம்மா, ஏதோ சொல்ல வந்தியே?" என்று கேட்பது இந்தப் பழக்கத்தின் மறுபாதி. அதை விட்டால், பொறுமை என்ற பேரில் தினமும் பத்து நிமிடம் தப்பித்துப் போனதாகத்தான் முடியும். வீட்டில் இருக்கிறவருக்கும் அதே போலப் பத்து நிமிடம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அவரும் காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்திருப்பார்.

நான்காம் படி: இடத்தை ஒத்துழைக்க வையுங்கள்

மன உறுதியை நம்பாதீர்கள், பொருள் இருக்கும் இடத்தை நம்புங்கள். புத்தகம் தலையணை மேல் இருக்கட்டும், அலமாரியில் வேண்டாம். சேமிக்க நினைத்தால் சம்பளம் வரும் அன்றே அஞ்சலகத் தொடர் வைப்புக்குப் போய்விடட்டும். நடக்க நினைத்தால் ஷூவை வாசலில் வையுங்கள்.

நடைப்பயிற்சிக்காரர்களுக்குப் பருவம் ஒரு பெரிய சோதனை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகள் வராது. கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரை இருக்கிறது. செப்டம்பர் வரை பிரச்சினை இல்லை. ஐப்பசி அடைமழை பிடித்ததும் நடை நிற்கும். கார்த்திகையில் மறந்தே போகும். இது உங்கள் குறை அல்ல, திட்டத்தின் குறை. மழைநாள் வாக்கியம் ஒன்றை வெயில் காலத்திலேயே எழுதி வையுங்கள்: "மழை பெய்தால் அதே நேரத்தில், அதே ஷூவோடு, மாடிப்படியில் பத்து நிமிடம்." நேரமும் ஷூவும் மாறாமல் இருந்தால் பழக்கம் உயிரோடு இருக்கும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு பல நாள் கரண்டே இல்லாமல் கிடந்த மாவட்டம் இது. எல்லாம் குலைந்துபோகும் வாரங்கள் இங்கே வரும். அப்போது அளவை ஒரு பக்கம், இரண்டு நிமிடம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். கூரை சரியானதும் பழைய அளவுக்குத் திரும்பலாம்.

ஐந்தாம் படி: எத்தனை நாள்?

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற கணக்கை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். அது 1960இல் ஓர் அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாள் ஆவதைக் கவனித்து எழுதியதிலிருந்து பரவியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேர்மையானது. ஒரு செய்கை யோசிக்காமலே வரும் நிலையை எட்ட நடுமதிப்பு 66 நாள். வீச்சு 18 முதல் 254 நாள் வரை. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் ஒட்டிக்கொண்டன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆனது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

நமக்குப் பழக்கமான மண்டலக் கணக்கு, 48 நாள், முதல் தணிக்கைக்கு வசதியானது. தினசரி கிழிக்கும் காலண்டரில், தாளைக் கிழிக்கும்போது செய்த நாளின் தாளை மட்டும் ஒரு கிளிப்பில் சேர்த்து வையுங்கள். 48ஆம் நாள் எண்ணுங்கள். 40க்கு மேல் இருந்தால் அப்படியே தொடருங்கள். 25க்கும் 40க்கும் நடுவில் என்றால் அளவைப் பாதியாக்குங்கள். 25க்குக் கீழே போனால் நேரமோ முளைக்குச்சியோ தப்பு; மூன்றாம் படிக்குத் திரும்பி வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். இந்த எண்கள் விதியல்ல, கைக்கணக்கு. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ஒரு நாள் விட்டால் விட்டது, இரண்டாம் நாளை விடாதீர்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் இடைவெளிகள் உண்டு. இடைவெளிக்குப் பிறகும் எழுத்து தொடர்ந்தது.

எங்கே கெடுகிறது

ஸ்டேட்டஸில் அறிவிப்பது. நாலு பேர் "சூப்பர்" போட்டதும் பாதி நிறைவு வந்துவிடும், வேலை இன்னும் தொடங்கியிருக்காது. அந்தப் பழக்கத்தால் நேரடியாகப் பயனடையும் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

வீட்டாரின் பழைய பேர். "நீ எப்பவும் இப்படித்தான், நாலு நாள் கூத்து" என்பார்கள். அவர்கள் பல வருடம் பார்த்ததை வைத்துச் சொல்கிறார்கள். பதில் பேசினால் தோற்பீர்கள். ஊர் வைத்த பேரை ஊர்தான் மாற்ற வேண்டும். நீங்கள் மாறி மூன்று நாலு மாதம் கழித்துத்தான் அவர்கள் பேச்சு மாறும். இந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

குணம் ஆணவமாவது. ஐந்து மணிக்கு எழத் தொடங்கியவர் ஏழு மணிக்கு எழுகிறவரைத் திட்டத் தொடங்குவார். பிறரை அளக்கும் கோலாக மாறிவிட்ட பழக்கத்தை ஒரு வாரம் நிறுத்தி வைத்தால்கூட நஷ்டமில்லை.

குடியை இந்த வழிகாட்டியால் மட்டும் கையாளக் கூடாது. கடலூர்–புதுச்சேரி எல்லையில் முள்ளோடை தாண்டினால் மதுக்கடை என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்படி நிறுத்த வேண்டும். காரணம் தெரியாத சோர்வும் எதிலும் பிடிப்பில்லாமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் அப்படியே. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

இரண்டாவது குணம் எப்போது?

செய்தோமா இல்லையா என்று ராத்திரி யோசித்துப் பார்க்க வேண்டியிராத நிலை வந்ததும் தாள் சேர்ப்பதை நிறுத்துங்கள். பிறகு ஒரு மாதம் எண்ணாமலே விட்டுப் பாருங்கள். பழக்கம் நின்றுபோனால் கிளிப்பை மறுபடி எடுங்கள். நிற்காமல் தொடர்ந்தால், அதே நோட்டில் அடித்துவிட்ட ஒன்பதைத் திறந்து, விலை எழுதும் இடத்திலிருந்து தொடங்குங்கள். பட்டியலில் இருந்த சிலவற்றை இப்போது உங்களுக்கு வேண்டாம் என்றே தோன்றும். அவற்றை இரண்டாம் முறை அடித்துவிடலாம்.